மாடி – படி – கூடம்: டிஷ் திருப்புதல் குறித்த ஓர் ஆய்வு

வீட்டு உரிமையாளர் கைப்பிடிச் சுவரில் ஓட்டை போட விடமாட்டார். ஆகவே வாடகைக்கு இருப்பவரின் டிஷ், பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கொட்டி நட்ட குழாயிலோ, நாலு செங்கல் ஏற்றிய இரும்புக் காலிலோ நிற்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் கட்டில் பீரோவோடு மினி லாரியில் ஏறுகிறது. புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு அதைத் திருப்பும் வேலை தொடங்கிவிடுகிறது. இவ்வளவு பரவலான ஒரு சடங்கைக் கல்விப்புலம் கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது.

ஆய்வெல்லை சென்னை, ஆய்வுப் பொருள் மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ். கட்டணச் சேவை என்றால் கம்பெனி ஆள் வந்து மீட்டரை மாட்டிச் சட்டென்று முடித்துவிடுவார். ஆராய அதில் ஒன்றும் மிஞ்சாது.

முதலில் விண்வெளித் தரப்பு. ஃப்ரீ டிஷ்ஷுக்கு அலை அனுப்பும் செயற்கைக்கோளான, 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. இந்த உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் இலங்கையிலேயே குடியேறிவிட்டார். மாடியில் ஸ்பானரோடு நிற்பவரின் பாடு அவர் கணக்கில் வரவில்லை.

சென்னைக்கு அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இதிலிருந்து ஒரு துணைத் தேற்றம் பெறப்படும்: டிஷ்ஷைவிடப் பத்தடி உயர்ந்த தண்ணீர்த் தொட்டியானாலும் ஐந்தடி தள்ளி வைத்தால் மறைக்காது. படம் வராததற்குப் பக்கத்து வீட்டுத் தென்னையைக் குற்றம் சொல்லும் மரபு, வடிவகணிதப்படி பெரும்பாலும் அவதூறே.

இன்னொரு நுட்பம். டிஷ் குவிக்கும் அலையை வாங்கிக்கொள்ளும் எல்என்பி என்ற கருவியைத் தாங்கும் கை டிஷ்ஷின் கீழ் விளிம்பிலிருந்து நீள்கிறது. அலைகள் சாய்வாக வந்து விழுகின்றன. எனவே டிஷ் பார்ப்பதாகத் தோன்றும் இடத்தைவிட இருபது டிகிரிக்கும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. செல்போன் செயலியை நம்பி முகத்தையே 68 டிகிரிக்கு நிமிர்த்துபவருக்குக் கிடைப்பது வெறும் ஆகாயம். போதாக்குறைக்கு, இரும்புக் குழாய் அருகே போனின் திசைகாட்டி தன் இஷ்டத்துக்கு ஆடும். அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமோ மூன்று டிகிரிதான். இங்கே ஒரு டிகிரி பிசகினால் அங்கே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிப்போகும்.

இது நிற்க. நம் ஆய்வின் மையம் வேறு. தரை நிலையத்திலிருந்து கிளம்பிய அலை செயற்கைக்கோளுக்கு ஏறி மாடிக்கு இறங்க ஏறத்தாழ கால் நொடி. கூடத்துச் செய்தி படியேறி மாடிக்கு வர ஆகும் நேரம் அதைப்போல் பல மடங்கு. அப்பா மாடியில், பாட்டி டிவி முன்னால், பையன் படியில் என்பதே வழக்கமான அமைப்பு.

“பாட்டி, வந்துச்சா?”

“என்னமோ கட்டம் கட்டமா வருதுடா.”

“வந்துருச்சாம்ப்பா!”

அப்பா முடுக்குகிறார். பாட்டி கட்டத்தைப் பார்த்த கணத்துக்கும் அப்பா காதில் அது விழுந்த கணத்துக்கும் இடையில் டிஷ் இரண்டு விரல்கடை நகர்ந்துவிட்டது. அவர் இறுக்கிப் பூட்டியது படம் வந்த இடத்தையல்ல, செய்தி வந்த இடத்தை. தொட்டால் அரை நிமிடம் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பதே இதற்கு மருந்து. அவ்வளவு பொறுமை உள்ளவர்கள் மாடி ஏறுவதில்லை.

அடுத்த இடர் திரையிலேயே இருக்கிறது. அங்கே தெரியும் பட்டைகள் இரண்டு: ஸ்ட்ரென்த், குவாலிட்டி. முன்னது, எல்என்பிக்கு மின்சாரம் போய் வெற்று இரைச்சல் வந்தாலே நீண்டுவிடும். சரியான அலை சிக்கினால்தான் பின்னது எழும். பாட்டியோ பெரிய பட்டையைத்தான் படிப்பார். “எண்பது இருக்குடா!” என்ற அறிவிப்பில் கீழே இறங்கிய அப்பாக்கள் உண்டு. இறங்கியபின் தெரியும், பின்னது பூஜ்ஜியம்.

இத்தனையும் தாண்டிப் படம் வந்துவிட்டது என்றே கொள்வோம். டிஷ் துல்லியமாக நிற்கிறதா என்று இயற்கையே சோதித்துச் சொல்லும் நாட்கள் ஆண்டுக்கு இருமுறை வருகின்றன. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், முற்பகல் பதினொரு மணியையொட்டி, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். டிஷ் குறிபார்த்தது அந்த இடத்தையே என்பதால் சூரியனின் இரைச்சலும் நேரே உள்ளே விழுந்து, சில நிமிடங்கள் படம் உடைந்துபோகும். அதாவது, அந்த நேரத்தில் படம் போவதுதான் டிஷ் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று. இந்த விளக்கத்தை அப்பா கூடத்தில் நின்று சொல்ல, பாட்டி கடைசிவரை கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும், மேல துணி காயப்போட யாரு போனது?” என்றார்.