காளிக்கும் லைசென்ஸ் உண்டா?

கேள்வி: தசராவுக்குக் காளி வேடம் கட்டி பைக்கில் வருபவரைப் போலீஸ் மறித்தால், எந்தக் கையால் லைசென்ஸைக் காட்டுவார்?
– வாசகர், குலசேகரன்பட்டினம்

பதில்: செல்போன் இருக்கும் கையால்!

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2018-இல் வந்த திருத்தப்படி, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை மின்னணு வடிவிலும் காட்டலாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் இருப்பவை அசலுக்குச் சமம். கேலரியில் கிடக்கும் போட்டோவுக்கும் மங்கிப்போன ஜெராக்ஸுக்கும் அந்த மரியாதை கிடையாது. லைசென்ஸே எடுக்காதவருக்கு அபராதம் 5,000 ரூபாய்; இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறை 2,000.

லைசென்ஸைக் கேட்கும் போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு. உங்கள் ஊரான குலசையில் இதுதான் சிக்கல். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு போலீஸ் வேடம் போடுபவர்களும் தசராவில் உண்டே! அவர்கள் கை நீட்டினால் காணிக்கை போட்டால் போதும், லைசென்ஸ் வேண்டாம்.

வண்டியில் கட்டும் வேப்பிலை நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது. காளியின் கிரீடமும் ஹெல்மெட் கணக்கில் வராது. 129-வது பிரிவு விலக்கு தருவது தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்குத்தான். ஆகவே, கிரீடத்தைப் பையில் வைத்துவிட்டு ஹெல்மெட் போட்டு வாருங்கள். கோயில் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.