மாடித் தோட்டக் கறிவேப்பிலை: ஓர் ஒப்பாய்வு

சென்னையின் தென்பகுதியில், நங்கநல்லூர் தொடங்கி மடிப்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரையுள்ள மொட்டை மாடிகளில் கறிவேப்பிலை வளர்ப்போர், தத்தம் செடிகளைத் தமக்குள் ஒப்பிட்டுக்கொள்ளும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். செடியை ஆராய்வது நோக்கமன்று. அதற்கு வேளாண் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தக்காளி, வெண்டை, கீரை வகைகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. அவை ஒரு பருவத்தோடு முடிந்துபோவதால் அவற்றை முன்னிட்டு மூளும் மனக்கசப்பும் அந்தப் பருவத்தோடு முடிகிறது. கறிவேப்பிலையோ பல்லாண்டுத் தாவரம். கசப்புக்கும் அதே ஆயுள்.

ஆய்வாளர் முதலில் முட்டிக்கொள்வது ஒரு பொருளியல் சிக்கலில். காய்கறிக் கடையில் கேட்காமலே பைக்குள் விழும் கொசுறு கறிவேப்பிலை. (கொத்தமல்லியும் ஒருகாலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்று கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்பவரைக் கடைக்காரர் பார்க்கும் பார்வை தனி ஆய்வுக்குரியது.) கடையில் சும்மா கிடைக்கும் இந்தப் பொருளுக்காக மாடியில் குரோ பேக், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, நிழல்வலை என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. வாரத்துக்கு இரண்டு ஈர்க்குத் தாளிப்புக்கு இவ்வளவு முதலீடு எதற்கு? விலையில்லாத பொருளின் மதிப்பைச் சந்தையில் அறிய வழியில்லை. பக்கத்து மாடிச் செடியோடு ஒப்பிட்டு மட்டுமே அறியலாம். ஆகவே செடி ஒப்பீட்டுக்காக வளர்க்கப்படுகிறது, ரசம் அதன் துணைவிளைவு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இம்மரபு பழையது. 1768-இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்து இறங்கிய ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக், சுவீடனின் லின்னேயஸிடம் படித்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போகச் செடிகளைப் பார்த்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் சம்பளத்துக்கே செடி பார்த்தார். நம் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771-இல் இட்ட பெயர் பெர்கெரா கோனிகீ. 1825-இல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் பிற செடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது முரயா பேரினம் என்று மாற்றினார். இப்போது சிலர் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்து, பெர்கெராவே சரி என்கிறார்கள். உலகத் தாவரவியலாளர்களுக்கே இன்னும் தீராதபோது, இரண்டாம் குறுக்குத் தெருவில் உடனே தீர்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

களஆய்வின் பெரும்பகுதி ஒரே வாக்கியத்தைச் சுற்றி வந்தது. ஒரு மாடியில் பதிவான உரையாடல்:

“செடி நல்லா தளதளன்னு இருக்கே மாமி. என்ன போடறீங்க?”

“ஒண்ணுமே போடறதில்லப்பா. தண்ணி மட்டும்தான்.”

மாமிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் இரண்டு புண்ணாக்கு மூட்டையும், மூடி போட்டுத் துணியால் இறுகக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. வாளியிலிருந்து வந்த வாசனை மீன் அமிலத்துடையது. மீன் வாசனையே ஆகாத வீட்டின் மாடியில் நாட்டுச் சர்க்கரையோடு மீன் கழிவு ஊறிக்கொண்டிருந்ததை ஆய்வாளர் நெறி கருதிப் பதிவு மட்டும் செய்தார், கேள்வி கேட்கவில்லை. ‘ஒண்ணுமே போடறதில்லை’ என்ற கூற்றைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. செடி செழித்தால் அது கைராசி, வாடினால் அது நர்சரிக்காரன் ஏமாற்றியது என்ற பெரிய கோட்பாட்டின் முதல் சூத்திரம் அது. உரத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் கைராசியின் பங்கு குறைந்துவிடும்.

உரம் போடுவதை ஒப்புக்கொள்வோருள் பெரும்பான்மையினர் மோர்க் கட்சியைச் சேர்ந்தவர்கள். நன்கு புளித்த மோரைத் தண்ணீர் விட்டுக் கரைத்து வேரில் ஊற்ற வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. எத்தனை நாள் புளித்தது என்பதில் உட்பிரிவுகள் உண்டு. பெருங்காயம் சேர்ப்போர் ஒரு தனிக்கிளை. மோருக்கு ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். தொட்டி மண்ணில் அது காரத்தன்மையை ஏற்றிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. தளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். புளித்த மோரின் அமிலம் சிறிது நேரத்துக்காவது அந்த முடிச்சைத் தளர்த்தும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை மிதமாகக் கரைத்து இலையில் தெளித்தால் இதே வேலை இன்னும் ஒழுங்காக நடக்கும். இதை ஆய்வாளர் மோர்க் கட்சியினரிடம் சொல்லிப் பார்த்தார். “கெமிக்கலா?” என்று ஒருவர் இரண்டடி பின்வாங்கினார். அன்னபேதிக்குப் பால் விட்டு உறை ஊற்ற முடியாததே அதன் குறை என்று தோன்றுகிறது.

வகை குறித்த விவாதம் சுருக்கமானது, ஏனெனில் எல்லோர் வீட்டிலும் இருப்பது செங்காம்பு. இலைக்காம்பு சிவந்திருக்கும், மணம் தூக்கலாக இருக்கும் என்பதால் மதிப்புப் பெற்ற வகை அது. காம்பு பச்சையாகவே இருப்பவர்களும் “வெயில் பட்டா செவக்கும்” என்கிறார்கள். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த இரண்டு வகைகளில் ஒன்று மணம் மிக்கது, ஆனால் குளிர்காலத்தில் துளிர்க்காது. மற்றதற்கு மணம் சற்றுக் குறைவு, குளிரிலும் துளிர்க்கும். இத்தகவலைக் கேட்ட மாடியினர் அனைவரும், தம் செடி மார்கழியில் முடங்கிக் கிடப்பது உயர்ந்த வகை என்பதற்குச் சான்று என உடனே முடிவுக்கு வந்தனர்.

கன்று கேட்கும் கட்டம் நுட்பமானது. கறிவேப்பிலையின் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் தாமாகவே முளைக்கும். பழுத்துக் கறுத்த பழத்தின் விதையையும் காயவிடாமல் உடனே ஊன்றினால் முளைக்கும். எடுத்து வைத்தால் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். பக்கக் கன்றைக் கொடுத்தால் இரண்டு மாடியிலும் ஒரே செடி என்றாகிவிடும். அப்புறம் வகையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. எனவே “வேரை வெட்டினா தாய்ச்செடி பட்டுப்போயிடும்” என்று சொல்லி, விதையாகத் தருகிறார்கள். பெரும்பாலும் போன மாத விதை.

கருவிகளைப் பொறுத்தவரை, பெட்டியோடு வாங்கிய களைக்கொத்தும் கையுறையும் வந்தவர் போனவருக்குக் காட்டுவதற்கே பயன்படுகின்றன. மண்ணைக் கிளறுவது கைப்பிடி ஆடும் பழைய சாம்பார் கரண்டி. சிறந்த தொட்டி என்று கட்சி வேறுபாடின்றி ஒப்புக்கொள்ளப்பட்டது இருபது லிட்டர் பெயின்ட் வாளி. அடியில் துளையிட அடுப்பில் கம்பியைக் காய்ச்சிக் குத்துகிறார்கள். பிளாஸ்டிக் உருகி ஓரம் தடித்து நிற்கும் அந்தத் துளை எத்தனை, எங்கே என்பதில் கருத்தொற்றுமை கிடையாது. அடியில் போட்டால் வேர் அடைத்துக்கொள்ளும், பக்கவாட்டில் விரற்கடை உயரத்தில்தான் போட வேண்டும் என்போர் இருக்கிறார்கள். இவர்கள் சொல்வது சரி என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் அதை இரண்டு தரப்பிலும் காபி குடித்த பின்னரே வெளியிட முடிந்தது.

எல்லா மாடியையும் ஒருசேர நடுங்கவைப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறு வயதில் அது பறவை எச்சம் போலவே இலைமேல் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். கடைசித் தோலுரிப்புக்குப் பின் இலைப்பச்சைக்கு மாறி ஒரே மூச்சில் கிளையை மொட்டையாக்கும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல் ஒரு கொம்பை நீட்டி நாற்றம் கிளப்பும். தன் செடியில் புழு வந்தால் அது பூச்சிமருந்து அடிக்காத இயற்கைத் தோட்டம் என்பதற்கு அடையாளம். எதிர் மாடியில் வந்தால் பராமரிப்புப் போதவில்லை என்பதற்கு அடையாளம். புழுவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அருகில் எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எது இருந்தாலும் அதன் இலையிலும் அதற்குச் சம்மதமே.

ஆய்வின் செம்மைக்காக, யாரும் கவனிக்காத ஒரு செடியும் ஒப்பிடப்பட்டது. ஒரு வீட்டின் கொல்லையில், துணி துவைக்கும் கல்லை ஒட்டித் தானே முளைத்த கறிவேப்பிலை. அரிசி கழுவிய தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் அதன்மேல் போகும். குழம்பு கொதிக்கும்போது யாராவது வந்து கிளை நுனியோடு ஒடித்துக்கொண்டு போவார்கள். அப்படி நுனி ஒடிவதால் பக்கக்கிளை வெடித்து, இப்போது முதல் மாடி ஜன்னலை மறைக்கிறது. இதைச் சொன்னபோது மாடித் தோட்டத்தார், “அது தரையில இருக்கு, கணக்கில்ல” என்று ஒருமுகமாக நிராகரித்தனர்.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வர் அதைப் பார்க்கப் போனார்கள். என்ன போடுகிறீர்கள் என்று அந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டார்கள். “ஒண்ணும் போடறதில்லையே” என்றார் பாட்டி. இந்த ஆய்வு முழுவதிலும் உண்மையாகச் சொல்லப்பட்ட ஒரே விடை அதுதான். நால்வரில் ஒருவரும் நம்பவில்லை. கொல்லையைச் சுற்றிப் புண்ணாக்கு மூட்டையைத் தேடிவிட்டு, கடைசியில் எல்லோர் கண்ணும் கல்லின்மேல் விழுந்தது. பழைய துவைக்கும் கல் எங்கே கிடைக்கும், மாடியில் ஏற்றினால் தளம் தாங்குமா என்று அவர்கள் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கருங்கல்தான் வேண்டும், சிமென்ட் கல் உதவாது என்று அவர்களில் ஒரு பிரிவினர் சொல்கிறார்கள்.