விளக்கேற்றப் போன சித்தப்பா

மாயவரத்தில் தாத்தா கட்டிய வீட்டை எழுபதுகளில் சும்மா கொடுத்தாலும் சீந்த ஆளில்லை. பெரியப்பா சென்னையில், அப்பா பம்பாயில், அத்தைகள் புக்ககத்தில். "பூட்டிப் போட்டால் கரையான் அரிச்சிடும். நீ குடும்பத்தோட போய் இருடா, விளக்கேத்த ஒரு ஆள் வேணாமா" என்று பெரியப்பாதான் சித்தப்பாவைக் கெஞ்சினார். சித்தப்பா போனார். ஓடு மாற்றினார், வீட்டு வரி கட்டினார். வருஷா வருஷம் கொல்லை மாம்பழத்தை வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கி, மேலே கோணி தைத்து, பம்பாய்வரைக்கும் ரயில் பார்சலில் அனுப்பினார். குடும்பமே அவரைத் தியாகி என்றது.

இப்போது மனை விலை ஏறிவிட்டது. தியாகி பிரதிவாதியாகிவிட்டார். 1956-ஆம் வருஷ வாரிசுரிமைச் சட்டப்படியே அத்தைகளுக்கும் சரிபங்கு உண்டென்பது இப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. மனை விலையோடு ஞாபகசக்தியும் ஏறும் போலிருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு சொந்தம் என்று டீக்கடையில் யாரோ சொல்ல, சித்தப்பா வரி ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வக்கீலிடம் ஓடினார். 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டத்தில் அந்தப் 12 வருஷம் இருப்பது நிஜம்தான். ஆனால் பங்காளிகளில் ஒருவர் இருந்தால் எல்லோருக்காகவும் இருந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். 'உங்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது' என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி மறுத்துவிட்டு, அதற்கப்புறம் 12 வருஷம் ஓட்டியிருக்க வேண்டும். ரசீது மட்டும் காப்பாற்றாது.

ஆக, சித்தப்பா ஜெயிக்க, அண்ணன்களை அன்றைக்கே விரோதித்துக்கொண்டதாக நிரூபிக்க வேண்டும். நாங்கள் ஜெயிக்க, அவர் எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். பெரியம்மா டிரங்குப் பெட்டியைக் குடைந்து அவருடைய பழைய இன்லண்ட் லெட்டர்களை எடுத்தாள். 'நம் வீடு சௌக்கியம், அண்ணா எப்போது வருவார்?' வாதி தரப்பு சான்றாவணம் 4. அவருடைய பாசத்தை நாங்கள் இவ்வளவு பத்திரமாக எண் போட்டு வைத்தது இதுதான் முதல் தடவை.

குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் மாம்பழத்தைப் பற்றிக் கேட்டார். இல்லை என்று சொல்லும்படி சித்தப்பாவுக்கு உருவேற்றித்தான் அனுப்பியிருந்தார்கள். கூண்டில் ஏறியதும் ரோஷம் வந்துவிட்டது.

"அனுப்பாம இருப்பேனா? அதோ உட்கார்ந்திருக்கானே, அவன் தின்னு வளர்ந்ததே அந்தப் பழம்தான்" என்று என்னைக் காட்டினார்.

நீதிபதி அதையும் பதிவு செய்துகொண்டார்.