வைராக்கியசாமி

வைராக்கியசாமி இன்றைக்கு வாட்ஸ்அப்பை விட்டுவிட்டார். விட்ட செய்தியை வாட்ஸ்அப்பில்தான் சொன்னார். எங்கள் அலுவலகப் பிரிவுக் குழு, பத்தாம் வகுப்பு நண்பர்கள் குழு, குலதெய்வக் கோயில் திருப்பணிக் குழு, மாமனார் வீட்டுக் குழு எல்லாவற்றுக்கும் ஒரே அறிவிப்பு போயிருக்கிறது: "அன்பு உறவுகளுக்கு வணக்கம். இலக்கை நோக்கிய பயணத்தில் இருப்பதால் இன்று முதல் விடைபெறுகிறேன். அவசரம் என்றால் மட்டும் அழைக்கவும்." போட்ட கையோடு வெளியேறியிருந்தால் சரி. யார் யார் என்ன பதில் போடுகிறார்கள் என்று பார்க்க அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. "வெற்றி நமதே தோழா" வந்தது. பெரியப்பா ஒருவர், "எந்த ஊருக்குப் பயணம்? வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருந்தார். அவருக்கு விளக்கம் எழுதி, மற்றவர்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி ஆகிவிட்டது. நடுவில் ஒரு தபாலைக்கூடத் தொடவில்லை.

வைராக்கியத்தில் பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்று மூன்று வகை சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். வலி போனால் முதலாவது போகும், குளித்துவிட்டு வந்தால் இரண்டாவது போகும், கதாகாலட்சேபப் பந்தலை விட்டு வெளியே வந்தால் மூன்றாவது போகும். அவர்கள் காலத்தில் அரசு அலுவலகம் இல்லாததால் நான்காவது ஒன்று விட்டுப்போயிற்று: ஒன்றாம் தேதி வைராக்கியம். அது ஏழாம் தேதி வரை தாங்கும்.

வைராக்கியசாமியின் இலக்கு துறைத் தேர்வு. அரசுப் பணியில் இல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இளநிலை உதவியாளராக வேலையில் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. உதவியாளர், கண்காணிப்பாளர் என்று மேலே ஏற வேண்டுமானால் அதற்குரிய துறைத் தேர்வுகளில் தேறியாக வேண்டும். தேர்வாணையம் இவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பர் மாதமும் நடத்துகிறது. அலுவலக நடைமுறை ஒரு தேர்வு. சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு இன்னொன்று. ஃபண்டமென்டல் ரூல்ஸ், ட்ரெஷரி கோட் என்று தலையணை தலையணையாகப் புத்தகங்கள். ஆனால் அரசுக்கு நம்மைப் பற்றித் தெரியும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்று அனுமதி கொடுத்த தாள்களும் இதில் உண்டு. எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்தப் புத்தகத்தைத் திறப்பதற்குத்தான் வைராக்கியசாமிக்கு நாள் அமையவில்லை.

நாள் விஷயத்தில் அவர் கறார். தை முதல் தேதி தொடங்கலாம் என்றால் பொங்கல். சித்திரை ஒன்று பொருத்தமான நாள், அன்றைக்கு வெயில். ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தையெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கிவிடுவார். அன்று படிக்கக் கூடாதென்பது சாஸ்திரம், அந்த ஒரு சாஸ்திரத்தை மட்டும் அவர் ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கிறார். விஜயதசமி அன்று முதல் பக்கத்தைப் படிப்பார். கணக்குத் தேர்வின் முதல் பக்கத்தைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இதுவரை சொன்னது அவர் பாடு. நான் பேச வந்தது என் மேஜை இழுப்பறையைப் பற்றி.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கைகளிலும் போனை ஏந்திக்கொண்டு நின்றார். "அக்கா, என் கவனத்தைக் கெடுக்கிறது இது ஒண்ணுதான். உங்க டிராவுல பூட்டி வச்சுக்கோங்க. அஞ்சே முக்கால் வரைக்கும் நான் கெஞ்சினாலும் கொடுக்காதீங்க. கோபப்பட்டாலும் கொடுக்காதீங்க." கண் கலங்கியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர், தம்பி மாதிரி, முன்னேற வேண்டும் என்கிறார். வாங்கிப் பூட்டினேன். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று.

பத்தே கால் மணிக்கு வந்தார். "அக்கா, டீக்கடையில ஜிபே மட்டும் பண்ணிட்டுக் கொடுத்துடறேன்." கொடுத்தேன். பதினொன்றுக்கு வந்தார். "சம்பளச் சீட்டு ஒண்ணு பார்க்கணும், களஞ்சியம் ஆப்புல." பதினொன்றே காலுக்கு, வங்கியில் இருந்து ஓடிபி. பதினொன்றரைக்கு, மணி எத்தனை என்று பார்க்க. அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, தம்பி, நிமிர்ந்து பாருங்கள் என்றேன். "அது ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டுக்கா" என்றார். மதியம் ஒரு முறை, போன் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க வந்தார். மடியில் வைத்துப் பார்க்கும்போது ஒரு நாளும் அந்தக் கவலை வந்ததில்லை.

அவர் வராத நேரத்தில் போன் பேசும். எங்கள் மேஜைகள் பழைய இரும்பு மேஜைகள். அதற்குள் போன் அதிர்ந்தால் பிரிவே அதிரும். கண்காணிப்பாளர் முதல் நாள் எழுந்து நின்றுவிட்டார். போதாக்குறைக்கு மணிக்கு ஒரு முறை, "கவனம்! இலக்கை மறவாதே!" என்று இவர் குரலிலேயே பதிவு செய்து வைத்த அலாரம். பூட்டிய இழுப்பறைக்குள்ளிருந்து அந்தக் குரல் வரும்போது, சான்றிதழ் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! ஒரு பெரியவர் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

பிறகு அதில் ஒரு மரத்தை நட்டார். 'ஃபாரஸ்ட்' என்று ஒரு செயலி. போனைத் தொடாமல் இருந்தால் திரையில் ஒரு செடி வளரும். நடுவில் வேறு எதையாவது திறந்தால் செத்துப்போகும். "பார்த்துக்கோங்கக்கா" என்று குழந்தையை விட்டுப்போவது போல விட்டுப்போனார். சிறிது நேரத்தில் அவர் மனைவியின் அழைப்பு. எடுக்காமல் விட்டால் நிற்காது. எடுத்துப் பேசி, வைக்கத் தெரியாமல் நான் எதையோ அழுத்த, மரம் பட்டுப்போயிற்று. தகவல் தெரிந்ததும் அவர் முகம் வாடியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்று மாலை வரை எந்த வேலையும் செய்யவில்லை. மரம் இருந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

இப்போது அவர் மனைவி நேரடியாக என்னிடமே பேசுகிறார். "அக்கா, வரும்போது சின்ன வெங்காயம் கால் கிலோ வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்கிறார். பிள்ளையின் பள்ளி வேன் என்றைக்கு வராது, எல்ஐசி தவணை எப்போது, சிலிண்டர் எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டு சிலிண்டர் தீர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

மற்ற பழக்கங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர் 1980களின் கடைசியில், தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார். வைராக்கியசாமி அதைக் கேள்விப்பட்டார். 5 நிமிட ஓய்வில் தொடங்கினார்.

கெட்ட பழக்கத்தை விட 21 நாள் போதும் என்று ஒரு பேச்சு உண்டல்லவா, அதையும் பிடித்துக்கொண்டார். அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்ததை எழுதினார். போகப் போக 'குறைந்தது' உதிர்ந்துபோய் 21 நாள் மட்டும் நின்றுவிட்டது. பின்னாளில் லண்டனில் ஆட்களை வைத்து ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம் என்று 2010இல் வெளியிட்டார்கள். இதை நான்தான் அவரிடம் சொன்னேன், வாய் சும்மா இருக்காமல். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நான் தோத்தது என் தப்பில்லக்கா, கணக்கே தப்பு!" என்றார். நான் சொன்ன எண்களில் 254ஐ மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். வேலை தெரியாதவர் இல்லை. தேர்தல் சமயத்தில் வாக்குச்சாவடிப் பணியாளர்களுக்கான ஆணைகளைப் பிரித்து அனுப்பும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. பெயர் ஒரு பட்டியலில், ஊர் இன்னொரு பட்டியலில், இரண்டும் பொருந்தவில்லை. விடிய விடிய உட்கார்ந்து வரிசைப்படுத்தியவர் இவர்தான். போன் பக்கத்திலேயே கிடந்தது. அடித்தது, எடுத்தார், இரண்டு வார்த்தை பேசினார், வைத்தார். பூட்டவில்லை, மரம் நடவில்லை, தக்காளி வைக்கவில்லை. அதிகாலையில் எங்கள் எல்லாருக்கும் அவரே போய் டீ வாங்கி வந்தார், இஞ்சி தட்டிப் போடச் சொல்லி. அவர் எழுதுகிற வரைவுக் கடிதத்தைக் கண்காணிப்பாளர் அடிக்காமல் கையெழுத்துப் போடுவார். அந்த மரியாதை எங்கள் பிரிவில் எனக்குக்கூடக் கிடையாது.

ஆகவே போன் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. விடிந்தால் அனுப்பியாக வேண்டும் என்ற வேலையில் இந்த மனிதருக்குக் கவனம் சிதறுவதில்லை. நாளைக்கும் செய்யலாம், அடுத்த மாதமும் செய்யலாம், யாரும் கேட்கப்போவதில்லை என்ற வேலையில்தான் இத்தனை துறவும். விடும் பழக்கம் அவருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சிகரெட்டைவிட அதை விடுவது கஷ்டம். ஏனென்றால் இதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. படிக்கிறேன் என்று சொல்கிறவனை எல்லாரும் பாராட்டுகிறார்கள். படித்துக்கொண்டிருக்கிறவனை யாரும் பார்ப்பதுகூட இல்லை. எங்கள் அலுவலக உதவியாளர் பையன் தபால் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து எதையோ புரட்டுவான். தேர்வு முடிவு வெளியான பிறகுதான் அவன் புரட்டியது என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது.

சிரிப்பு இதோடு போதும். வைராக்கியசாமியின் மேஜையில் தேங்குகிற தபால் காற்றில் கரைவதில்லை. அவர் விடுப்பில் போனால் அந்த இருக்கைக்குப் பொறுப்பு நான். அவருடைய தன்பதிவேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக நிலுவை. மாதாந்திர ஆய்வில் கேள்வி வரும்போது, "அவர் படிக்கிறார் சார்" என்று பதில் சொல்ல முடியுமா? அவர் முன்னேறட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அவர் முன்னேறத் தயாராவதற்கான செலவை நானும், வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களும் ஏன் கட்ட வேண்டும் என்பதே என் கேள்வி. கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஓர் அம்மா வந்துகொண்டிருக்கிறார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பணிப்பதிவேட்டோடு ஒரு முகப்புக் கடிதம் வைத்து மாநிலக் கணக்காயருக்கு அனுப்பினால் குடும்ப ஓய்வூதியம் நகரும். வரும்போதெல்லாம் அந்த அம்மாவிடம், "அடுத்த வாரம் வாங்கம்மா, இந்த வாரம் நான் ஒரு தீவிரப் பயிற்சியில் இருக்கேன்" என்கிறார் இவர். அந்த அம்மாவும் நல்லா படிங்க தம்பி என்று வாழ்த்திவிட்டுப் போகிறார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும்; போனில், அலுவலக நேரத்தில் படிப்பீர்கள் என்பதும் தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம். தேர்வுக்கு விண்ணப்பியுங்கள், புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் திறங்கள், ராகு காலத்தில் திறந்தாலும் எழுத்து மாறாது. போனை இனி உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், என் இழுப்பறையில் இடமில்லை. அந்த அம்மாவின் கோப்பு உங்கள் மேஜையின் இடப்பக்க அடுக்கில் மேலிருந்து மூன்றாவதாக இருக்கிறது. அதை முதலில் அனுப்பிவிடுங்கள்.