விரல் காட்டினால் வண்டி நிற்கும்

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் மினிபஸ் டாக்சியில் ஊர்ப்பெயர்ப் பலகையும் இல்லை, கண்டக்டரும் இல்லையாமே! பிறகு எதை நம்பி ஏறுகிறார்கள்?

பதில்: விரலை நம்பித்தான். ஆள்காட்டி விரலை மேலே உயர்த்தினால் நகர மையம். கீழே காட்டினால் வட்டாரத்துக்குள்ளேயே பயணம். ஓட்டுநர் அந்தப் பக்கம் போகிறவரானால் நிறுத்துவார். இந்தச் சைகைகளை ஓவியர் சூசன் வூல்ஃப் தேடித் தொகுத்தார். 2010-இல் அவை தபால்தலையாகவும் வந்தன.

கண்டக்டர் வேலையைப் பயணிகளே பார்க்கிறார்கள். "பின்னால் ரெண்டு பேர்" என்ற குரலோடு பின்வரிசைப் பணம் தோள் தோளாகக் கைமாறி முன்னே போகும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எண்ணிப் பார்த்து, மீதிச் சில்லறையை அதே வழியில் திருப்பி அனுப்புவார். கூட்டல் கழித்தலில் தடுமாறுகிறவர்கள் அந்த இருக்கையைத் தவிர்ப்பது நல்லது. முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு நாணயம் இருப்பது உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

இந்த டாக்சிகளுக்கு ஒரு பின்னணி உண்டு. தென்னாப்பிரிக்காவின் அன்றைய நிறவெறி அரசு கறுப்பின மக்களைச் சொவேட்டோ போன்ற தொலைவான குடியிருப்புகளுக்குத் தள்ளியது, வேலையோ நகரத்தில். பஸ்ஸும் ரயிலும் போதாத அந்த இடைவெளியில் வளர்ந்தவை இந்த டாக்சிகள். 16 இருக்கை வண்டிகளுக்கு வழிவிட்டது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் நேர அட்டவணை கிடையாது; நிலையத்தில் இருக்கைகள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். முதலில் ஏறியவருக்கு ஜன்னலோரம் கிடைக்கும், காத்திருப்பும் அவருக்கே அதிகம்.