எதிரே இருப்பவருக்கும் ஒரு ஏ1

ஜெர்மன் குடியுரிமை வாங்கிய ஒருவர் யாழ்ப்பாணத்தில் பெண் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாலி ஏறியாயிற்று, பதிவும் ஆயிற்று. மணப்பெண் புருஷனிடம் போய்ச் சேர வேண்டுமானால், பொதுவாக, ஜெர்மன் மொழியில் ஏ1 சான்றிதழோடு வர வேண்டும். பெர்லினில் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அவளைக் காப்பாற்றிவிடும். மாடியில் இருக்கும் ஜப்பானியரும் எதிர்வீட்டு அமெரிக்கரும் தம் மனைவியரை ஒரு சொல் தெரியாமலே அழைத்துக்கொள்ளலாம். ப்ளூ கார்டு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் எஞ்சினியரின் மனைவிக்கும் விலக்கு உண்டு. சொந்த நாட்டுக் குடிமகன் கட்டியவளோ பரீட்சை எழுத வேண்டும். 2007இல் இந்த விதியைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, கட்டாயக் கல்யாணத்தைத் தடுப்பது. கட்டாயக் கல்யாணமும் பாவம், சம்பளச் சீட்டையும் பாஸ்போர்ட் அட்டையையும் பார்த்துவிட்டுத்தான் நடக்கும் போலிருக்கிறது.

இந்த ஏ1, பி2 எல்லாம் பிறந்த கதை இவ்வளவு கேவலமானதல்ல. ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய கவுன்சில் 2001இல் மொழிகளுக்கான பொதுச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. ஏ1இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். அதற்கு முன் 1990களில் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள், தங்கள் மாணவர் சுமார் 2,800 பேரை வைத்து, எதைச் செய்ய வருகிறது, எது வரவில்லை என்று மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டிலிருந்துதான் அளவுகோலையே அடுக்கினார்கள். வாத்தியார் செய்ய வேண்டிய வேலையும் அதுதானே? பிள்ளைக்கு இன்றைக்கு என்ன முடிகிறது, நாளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று பார்ப்பது. ஒருத்திக்குக் காதில் விழுவது பி1 அளவுக்குப் புரியும், கையால் எழுதுவது ஏ1ஐத் தாண்டாது. இப்படி மேடும் பள்ளமுமாக இருப்பதே இயல்பு என்று அந்தப் புத்தகம் ஒப்புக்கொள்கிறது. என்ன கற்பிக்க வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று கட்டளையிட நாங்கள் வரவில்லை என்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கட்டளையிட வேறு ஆட்கள் வரிசையில் நிற்பது அதற்கு எப்படித் தெரியும்? தையற்காரர் அளவெடுக்க வைத்திருந்த டேப்பை வாசல்காவலர் பிடுங்கிப் போய்ச் சாட்டையாக்கிக்கொண்டார்.

சாட்டை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு எண்ணெய் பூசிக் கொடுக்கவும் ஆள் வேண்டுமல்லவா? அதற்குத்தான் நம் ஊர் டியூஷன் கடைகள். ‘முப்பது நாளில் ஏ1’, ‘பி2 கியாரண்டி, தங்குமிடமும் சாப்பாடும் உண்டு.’ ஏ1 பேச்சுத் தேர்வில் பெயர், வயது, நாடு, ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு சொல்ல வேண்டும். ஏழையும் ஒரே பத்தியாக எழுதிக் கொடுத்து நெட்டுருப் போடச் சொல்கிறார்கள். ஒரு பேட்சில் இருபது பெண்கள் இருந்தால் இருபது பேருக்கும் பொழுதுபோக்கு சமையல். பெற்றவர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். மதுரையில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசி வளர்ந்த பெண்ணும் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு மொழிகளை ஒரே தலைக்குள் வைத்து ஆள்கிறவளுக்கு மூன்றாவதை எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பேட்ச் முடியாது. பேட்ச் முடியாவிட்டால் அடுத்த பேட்ச்சுக்குக் கட்டணம் வாங்க முடியாது.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸுகளின் கதை இதைவிடக் கொடுமை. பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். ஒரு பெண் நகையை அடகு வைத்து, மாதிரித் தாள்களாகக் கரைத்துக் குடித்து, பி2வும் வாங்கி, பவேரியாவில் ஒரு முதியோர் வார்டில் போய் நிற்கிறாள். கட்டிலில் தொண்ணூறு வயதுப் பாட்டி. பல்செட்டு தண்ணீர்க் கிண்ணத்தில். பாட்டி பேசுவது பவேரிய வட்டார வழக்கு. ஸ்டுடியோவில் பதிந்த ஒலித்துண்டில் வராத ஜெர்மன். வலிக்கிறது என்கிறாளா, ஜன்னலைச் சாத்து என்கிறாளா? இதையெல்லாம் அந்தப் பெண் ஊரிலேயே கேட்டுத்தான் பார்த்தாள். “அது போர்ஷன்ல இல்லம்மா” என்று சார் சொல்லிவிட்டார். வார்டில் தலைமை நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, “பி2 என்று போட்டிருக்கிறதே?” என்கிறார். போட்டிருக்கிறது, உண்மைதான். சார் வாங்கிக் கொடுத்தது அதை மட்டும்தானே.

இனி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஏ1 என்றால் என்ன என்று சட்டகம் எழுதிவைத்திருப்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எதிரே இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி, உதவவும் தயாராக இருந்தால், இவரால் எளிமையாக உரையாட முடியும். படித்தீர்களா? அந்த முதற்படியில் நிற்பது ஒருவரல்ல, இரண்டு பேர். ஒருவருக்குப் பரீட்சை, கட்டணம், கவலை, நிராகரிப்புக் கடிதம் எல்லாம் உண்டு. இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. மெதுவாகப் பேசினாரா, தெளிவாகப் பேசினாரா, உதவத் தயாராக இருந்தாரா என்று எந்த அரசாங்கமும் கேட்டதில்லை. பாதி வரியைச் சட்டமாக்கி, மீதி வரியைக் குப்பையில் போட்டவர்களுக்கு ஒருங்கிணைப்பு என்று வாய் நிறையப் பேச மட்டும் வருகிறது.

ஆகவே ஓர் ஏற்பாட்டைச் சிபாரிசு செய்கிறேன். விசா கவுன்ட்டர்காரர், வெளிநாட்டவர் அலுவலக அதிகாரி, வார்டு தலைமை, வாடகைக்கு வீடு விடுகிறவர் எல்லாருக்கும் ஏ1 எதிராளித் தேர்வு. பேச்சுப் பிரிவில், சொன்ன வாக்கியத்தையே குரலை உயர்த்தாமல், கடிகாரத்தைப் பார்க்காமல், மூன்று தடவை சொல்ல வேண்டும். பாலசுப்பிரமணியம் என்ற பெயரை நடுவில் நிறுத்திச் சிரிக்காமல் உச்சரிக்க வேண்டும். எழுத்துப் பிரிவில், தங்கள் அலுவலகம் அனுப்பும் மூன்று பக்கக் கடிதத்தை, ஏ1 படித்தவளுக்குப் புரிகிற மாதிரி முப்பது சொல்லில் எழுத வேண்டும். நூற்றுக்கு 60 தேர்ச்சி, அவளுக்கு வைத்த அதே 60. தேறாதவர் அடுத்த தேதி கிடைக்கும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. வேண்டுமானால் மனைவியோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம். கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.