மூக்கண்டப்பள்ளி வட்டாரத்து அம்பாசடர் ஊளையும் அதன் செலவுக் கணக்கும்: ஓர் ஆய்வு

அம்பாசடர் காரின் பின்புறத்து ஊளை எத்தகையது, எங்கே பிறக்கிறது, எவ்வளவு பணத்தில் அடங்கும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் ஓசூரின் மூக்கண்டப்பள்ளி. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் பக்கத்திலேயே இருக்க, சந்துக்குச் சந்து லேத் சுழலும் ஊரில் ஒரு பழைய பல்சக்கரத்தைச் சரிசெய்வது எளிது என்பர் ஒரு சாரார். அக்கூற்று ஈண்டு மறுக்கப்படுகிறது.

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வழிவிடுவது டிஃபரன்ஷியல். பிரான்ஸின் பெக்யூர் 1820களில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. ஊளையைக் குறித்து அவர் என்ன சொன்னார் என்பது நம் ஆய்வுக்கு வேண்டாதது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளையிட்டு, காலை எடுத்தால் அடங்கினால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்லின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. காலை எடுத்தபின் ஊளையிட்டால் மறுபக்கம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே சீராக உறுமினால் பேரிங். வளைவில் மட்டும் என்றால் உள்ளே ஸ்டார் பினியன். புறப்படும்போது ‘டொக்’ என்றால் பல்லிடை ஆட்டம். யுனிவர்சல் ஜாயின்டாகவும் இருக்கலாம். இவற்றுள் சீரான உறுமலை டயரும் எழுப்பவல்லது என்பதை உரையாசிரியர் எவரும் கண்டுகொள்ளவில்லை.

செலவுக்கு வருவோம். கிரவுனையும் பினியனையும் ஆலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்தியிருப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது பாதித் தாலி கட்டுவது போல. உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டதால், ஜோடியைத் தேடி அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டைக்கு. கிடைத்தபின்தான் வேலையே. பல்லில் மை தடவிச் சுற்றி, தொடும் இடம் பார்த்து, ஷிம் தகடு வைத்து, மறுபடி கழற்றி, மறுபடி வைக்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஊளை திரும்பிவரும். மைக்ரான் கணக்கில் அளக்கும் எந்திரங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், இங்கே தீர்ப்பு நரைத்த மெக்கானிக்கின் காதில்தான்.

ஆக, மொத்தச் செலவு = உதிரி விலை + கூலி + பயணம் + “இது அது இல்ல சார், வேற எங்கயோ சத்தம்” என்று தெரிந்தபின் மறுபடி இறக்கும் கூலி. கடைசிக் காரணியே மற்றவற்றை விழுங்கும் என்பது இவ்வாய்வின் முடிபு.

எனவே அம்பாசடர் அன்பர்களே, டிஃபரன்ஷியல் ஹவுசிங்கை இறக்கச் சொல்லுமுன் டயரை மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதிலுள்ள 90 கியர் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். அதற்கும் அடங்காத ஊளை மெலிதாகவே இருந்தால் பல வருடம் அப்படியே ஓடும்; விட்டுவிடுங்கள்.